வேர்ப்பட்டியலும் ஷேக்ஸ்பியரும்: ஒன்பதாம் வகுப்பு ஆங்கிலம் பற்றிய கேள்விக்கு ஒரு பதில்

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்திருக்கும் உங்கள் மகளுக்கு, ஆங்கில வகுப்பில் வாரந்தோறும் இருபது லத்தீன் வேர்ச்சொற்கள் அச்சிட்ட தாள் ஒன்றைத் தருகிறார்கள். வெள்ளிக்கிழமை அதில் தேர்வு. அதே வகுப்பில் ஷேக்ஸ்பியரின் 'ரோமியோ அண்ட் ஜூலியட்' நாடகத்தையும் வரிவரியாகப் படிக்கிறார்கள். பேச்சு வழக்கற்றுப்போன மொழியின் வேர்களும் நானூறு ஆண்டுப் பழைய நாடகமும் இந்தக் காலத்துப் பிள்ளைக்கு எதற்கு, கல்லூரி நுழைவுக்கான எஸ்.ஏ.டி. தேர்விலேயே அரிய சொற்களைக் கேட்பதை நிறுத்திவிட்டார்களே என்று கேட்டிருக்கிறீர்கள்.

அமெரிக்க உயர்நிலைப் பள்ளியில் பல ஆண்டுகளாக ஆங்கிலம் கற்பித்து வருகிறேன். வேர்களைப் பட்டியலாக மனப்பாடம் செய்து, வெள்ளிக்கிழமை ஒப்பித்து, திங்கட்கிழமை மறந்துவிடுவதால் பயனில்லை என்பதில் உங்களோடு முழுமையாக உடன்படுகிறேன். ஆனால் அதே வேரை, பிள்ளைகள் படித்துக்கொண்டிருக்கும் நாடகத்தின் ஒரு வரியில் வைத்துக் காட்டினால், வரியும் விளங்கும், வேரும் நினைவில் நிற்கும். இந்த இரண்டையும் இரு தனிப் பாடங்களாகப் பிரித்து வைத்திருப்பதுதான் பல வகுப்பறைகளில் நடக்கும் பிழை. வீட்டில் மகளோடு உட்கார்ந்து நீங்களே அவற்றைச் சேர்த்துவிட முடியும். அதற்கு நீங்கள் லத்தீன் படித்திருக்க வேண்டியதில்லை.

நாடகத்தின் முகப்பில் பதினான்கு வரிகளில் ஒரு பாயிரம் இருக்கிறது. அதன் நான்காம் வரி: 'வேர் சிவில் ப்ளட் மேக்ஸ் சிவில் ஹேண்ட்ஸ் அன்க்ளீன்.' ஊர்க்காரர்களின் இரத்தமே ஊர்க்காரர்களின் கைகளைக் கறைப்படுத்துகிறது என்பது பொருள். இன்றைய மாணவனுக்கு 'சிவில்' என்றால் மரியாதையாக நடந்துகொள்வது. ஆகவே 'மரியாதையான இரத்தம்' என்று படித்துவிட்டு ஒன்றும் புரியாமல் அடுத்த வரிக்குப் போய்விடுவான். லத்தீனில் 'சிவிஸ்' என்றால் குடிமகன். 'சிட்டி', 'சிட்டிசன்', 'சிவிலியன்', 'சிவிலைசேஷன்' எல்லாம் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இதைச் சொன்ன பிறகு அதே வரியை மீண்டும் படிக்கச் சொல்வேன். முதலில் குடிமக்கள் என்ற பொருள் தெரியும். அதன் பிறகு, பண்பட்டவர்கள் என்ற பொருளும் அதே சொல்லுக்குள் இருப்பது தெரியும், ஏனென்றால் ஷேக்ஸ்பியரின் காலத்திலேயே அச்சொல்லுக்கு இரு பொருளும் உண்டு. ஒரே சொல்லை ஒரே வரியில் இருமுறை அவர் வைத்தது எதற்கு என்று அப்போதுதான் மாணவர்கள் கேட்கத் தொடங்குவார்கள்.

அங்கேயே நிறுத்திவிடாமல் முதல் காட்சிக்குப் போக வேண்டும். வெரோனாவின் தெருவில் சண்டை மூண்டதும் குடிமக்கள் தடிகளோடு ஓடி வருகிறார்கள். இளவரசன் வந்து அதட்டும்போது, 'த்ரீ சிவில் ப்ரால்ஸ், ப்ரெட் ஆஃப் அன் ஏரி வேர்ட்' என்கிறான்: காற்றைப் போன்ற வெற்றுச் சொல் ஒன்றிலிருந்து பிறந்த மூன்று ஊர்ச்சண்டைகள். அடுத்து, வெரோனாவின் மூத்த 'சிட்டிசன்'கள் தங்கள் வயதுக்கும் மதிப்புக்கும் ஏற்ற அணிகளைக் கழற்றி எறிந்துவிட்டுப் பழைய ஆயுதங்களைத் தூக்க நேர்ந்ததைச் சொல்லி வருந்துகிறான். பாயிரத்தில் வந்த வேர் இங்கே இரு வடிவங்களில் திரும்பி வருகிறது. ஓராண்டு என் வகுப்பில் பின்வரிசையில் இருந்த ஒரு பையன், 'அப்படியானால் தடியை எடுத்த நொடியில் அவர்கள் குடிமக்களாக இருப்பதை நிறுத்திவிடுகிறார்கள்' என்றான். அந்த ஆண்டு முழுவதும் வேர்ப்பட்டியலில் பாதி மதிப்பெண்ணுக்கு மேல் வாங்காத பையன் அவன். காதல் கதையாக மட்டும் எல்லோரும் நினைத்திருக்கும் நாடகம் ஒரு நகரம் தன்னைத் தானே அழித்துக்கொள்ளும் கதையும் ஆகும் என்பதை அவன் ஒரு வேரைப் பிடித்துக்கொண்டு கண்டான்.

'எனிமி' என்ற சொல்லும் இப்படித்தான். இளவரசனின் அதட்டலின் முதல் வரியிலேயே 'அமைதியின் எதிரிகளே' என்று வருகிறது. தான் காதலித்தவன் எதிரி வீட்டுப் பிள்ளை என்று தெரிந்ததும் ஜூலியட் சொல்லும் வரி 'எனிமி' என்றே முடிகிறது. லத்தீனில் அது 'இனிமிகஸ்': 'இன்' என்றால் அல்லாத, 'அமிகஸ்' என்றால் நண்பன், அந்த 'அமிகஸ்' நேசித்தலைக் குறிக்கும் 'அமாரே'யோடு உறவுடையது. வெறுக்க வேண்டியவனைக் குறிக்கும் சொல்லுக்குள்ளேயே நேசம் மறுக்கப்பட்ட வடிவில் இருக்கிறது. தமிழருக்கு இது புதிதன்று. பகைவரை நம் பழைய நூல்கள் 'நண்ணார்', 'ஒன்னார்' என்று சொல்லும்போது, நெருங்காதவர், பொருந்தாதவர் என்று எதிர்மறையால்தான் சுட்டுகின்றன. உங்கள் மகளிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். பட்டியலில் 'அமி' என்றால் நேசம் என்று தனியே படித்ததைவிட இது ஆழமாகப் பதியும்.

ஆங்கிலத்தில் லத்தீன் இவ்வளவு பரவலாக இருப்பதற்கு வரலாறு காரணம். 597ல் அகஸ்டின் தலைமையில் ரோமிலிருந்து கென்ட் பகுதிக்கு வந்த கிறித்தவத் துறவிகளோடு சமயச் சொற்கள் வந்தன. 1066ல் நார்மன்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பிறகு அரசவை, நீதிமன்றம், விருந்து ஆகியவற்றின் சொற்கள் பிரெஞ்சின் வழியாக வந்தன. பின்னர் மறுமலர்ச்சிக் காலத்து அறிஞர்கள் நேரடியாகவே லத்தீனிலிருந்து அள்ளிக்கொண்டார்கள். இன்று ஆங்கில அகராதியில் உள்ள சொற்களில் பாதிக்கு மேல் லத்தீனிலிருந்து நேராகவோ பிரெஞ்சு வழியாகவோ வந்தவை. ஆனால் அன்றாடப் பேச்சில் மிக அடிக்கடி புழங்கும் சொற்களோ பெரும்பாலும் பழைய ஆங்கிலச் சொற்கள். ஆகவே ஒரு பொருளுக்கு இரண்டு மூன்று சொற்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன: 'கிங்லி', 'ராயல்', 'ரீகல்' ஓர் அடுக்கு, 'ஆஸ்க்', 'கொஸ்டின்', 'இன்டெராகேட்' இன்னோர் அடுக்கு. கடைசிச் சொல்லைக் காவல் நிலையத்தில்தான் கேட்போம். தொல்காப்பியர் இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என்று சொற்களை நான்காகப் பிரித்த மரபிலிருந்து வருபவர்களுக்கு இந்த அடுக்கு எளிதில் பிடிபடும். 'கண்' என்று எழுதுவதற்கும் 'நேத்திரம்' என்று எழுதுவதற்கும் உள்ள வேறுபாட்டை உணர்ந்த காது நமக்கு ஏற்கெனவே இருக்கிறது.

இலக்கியத்தில் அந்தக் காது எங்கே உதவும் என்பதற்கு 'மேக்பெத்' நாடகத்தில் ஓர் இடம் உண்டு. அரசனைக் கொன்றுவிட்டு வந்த மேக்பெத் தன் கையைப் பார்க்கிறான். இந்தக் கறையைக் கடல் கழுவாது, இந்தக் கைதான் 'மல்ட்டிட்யூடினஸ்' கடல்களை 'இன்கார்னடின்' ஆக்கும் என்கிறான். 'மல்ட்டஸ்' என்றால் பல. 'கார்னிஸ்' என்றால் ஊனுடைய. ஊன் தின்னும் விலங்கான 'கார்னிவோர்', மறுபடியும் ஊனுடல் எடுப்பதான 'ரீஇன்கார்னேஷன்' ஆகியவற்றில் இருப்பது அதே வேர். கடல் ஊன் நிறம் கொள்கிறது. இந்த நீண்ட, உருண்டு புரளும் லத்தீன் சொற்களுக்கு அடுத்த மூச்சில் வருவது 'மேக்கிங் தி கிரீன் ஒன் ரெட்': எல்லாம் பழைய ஆங்கிலச் சிறு சொற்கள். பச்சையைச் சிவப்பாக்கும். அரசனாகப் போகிறவனின் பெருஞ்சொல் உடைந்து, கொலை செய்தவனின் எளிய சொல் வெளிப்படும் இடம் அது. சொற்கள் எந்த அடுக்கிலிருந்து வருகின்றன என்று அறியாதவர் இந்த வரியின் பொருளை அறியலாம். அதன் அதிர்ச்சியை முழுதாக உணர முடியாது.

நாடகம் மட்டுமே இலக்கிய வகுப்பு ஆகாது. அமெரிக்கப் பள்ளிகளில் உரைகளும் பாடம். லிங்கன் 1863 நவம்பர் 19 அன்று கெட்டிஸ்பர்க் போர்க்களத்துக் கல்லறை நிலத்தில் ஆற்றிய உரை ஏறத்தாழ 270 சொற்கள்தான். அதற்கு முன் எட்வர்ட் எவரெட் என்ற பேச்சாளர் இரண்டு மணி நேரம் பேசியிருந்தார். வேர்களைக் கற்பிக்க எனக்குக் கிடைத்த பனுவல்களில் இதைவிடச் சிறந்தது இல்லை.

முதல் வாக்கியத்தில் முன்னோர் ஒரு புதிய 'நேஷன்' பெற்றெடுத்தார்கள் என்கிறார். 'நேஷன்' என்ற சொல்லே பிறத்தலைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. 'நேட்டிவ்', 'நேச்சர்', 'ரெனைசான்ஸ்' எல்லாம் அதன் உறவுகள். அந்த நாடு விடுதலையில் 'கன்சீவ்' செய்யப்பட்டது என்கிறார். அதன் வேர் எடுத்துக்கொள்ளுதல், உட்கொள்ளுதல் என்ற பொருளுடையது. நாம் 'கருக்கொள்' என்னும்போது 'கொள்' செய்யும் வேலையை அது அங்கே செய்கிறது. வயிற்றில் வளர்வதையும் கதையின் மையக் கருத்தையும் நாம் 'கரு' என்றே சொல்வதைப் போல, ஆங்கிலத்திலும் 'கன்சீவ்' குழந்தைக்கும் உண்டு, 'கான்செப்ட்' என்ற வடிவில் சிந்தனைக்கும் உண்டு. உரையின் இறுதியில் 'நியூ பர்த் ஆஃப் ஃப்ரீடம்', புதிய பிறப்பு, வருகிறது. தொடக்கத்தில் கருவும் பேறும், இறுதியில் மறுபிறப்பு. இடையில் இறந்தவர்களின் கல்லறை. 'நேஷன்' என்ற சொல்லின் வேரை அறிந்த மாணவி இந்தச் சரடை ஆசிரியர் காட்டாமலேயே கண்டுகொள்வாள்.

நடுப்பகுதியில் மூன்று வினைகள் அடுத்தடுத்து வருகின்றன: இந்த நிலத்தை நம்மால் 'டெடிகேட்' (அர்ப்பணிக்க) செய்ய முடியாது, 'கான்செக்ரேட்' செய்ய முடியாது, 'ஹாலோ' செய்ய முடியாது (பின்னிரண்டும் புனிதமாக்குதல்). முதல் இரண்டும் லத்தீன். மூன்றாவது 'ஹோலி' என்ற சொல்லோடு பிறந்த பழைய ஆங்கிலம். 'டெடிகேட்' என்ற வினை அந்தச் சின்ன உரையில் வெவ்வேறு வடிவங்களில் ஆறு முறை வருகிறது. அதன் வேர், 'டிக்‌ஷனரி', 'டிக்டேட்' ஆகியவற்றில் உள்ள சொல்லுதல் என்ற வேரின் உறவு. அறிவித்து ஒப்படைப்பது என்பது அதன் பழம்பொருள். அதன் பிறகு லிங்கன், நாம் இங்கே சொல்வதை உலகம் நினைவில் வைக்காது, அவர்கள் இங்கே செய்ததை மறக்காது என்கிறார். சொல்லுதலும் செய்தலும் பற்றிய உரை அது. அதன் மையத்தில் திரும்பத் திரும்ப வருவது சொல்லுதலில் வேர்கொண்ட ஒரு வினை.

லிங்கன் லத்தீன் படித்தவர் அல்லர் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். அவர் பள்ளியில் கழித்த காலம் மொத்தமும் ஓராண்டுகூட இராது என்று அவரே எழுதியிருக்கிறார். தன் சிறுவயதில் அந்தப் பக்கம் லத்தீன் தெரிந்தவனாகக் கருதப்பட்ட வழிப்போக்கன் எவனாவது வந்து தங்கினால், அவனை மந்திரவாதியைப் போல் பார்த்தார்கள் என்றும் 1859ல் எழுதிய தன்வரலாற்றுக் குறிப்பில் சொல்கிறார். ஆங்கில விவிலியமும் ஷேக்ஸ்பியரும் படித்துப் படித்து அந்த அடுக்குகள் அவர் காதில் ஏறியிருந்தன. இலக்கியத்தை விட்டுவிட்டு வேர்களை மட்டும் பிடித்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்கு நான் இதைத்தான் எடுத்துக்காட்டுவேன்.

அதே உரையில் 'ப்ராபோசிஷன்' என்ற சொல் இருக்கிறது. முன்னே வைப்பது என்பது அதன் வேர்ப்பொருள். இங்கே வேர் பாதி தூரம்தான் கூட்டிச் செல்லும். யூக்ளிட்டின் வடிவியலை முயன்று படித்தவர் லிங்கன். அந்த நூலில் 'ப்ராபோசிஷன்' என்றால் நிறுவிக் காட்ட வேண்டிய தேற்றம். 1776ன் விடுதலை அறிவிப்பு, மனிதர் யாவரும் சமம் என்பதைத் தானே விளங்கும் உண்மை என்றது. லிங்கன் அதை இன்னும் மெய்ப்பிக்கப்பட வேண்டிய ஒன்றாக மாற்றினார். உடனடியாக அடுத்த வாக்கியத்தில் இந்த 'சிவில் வார்', அதாவது உள்நாட்டுப் போர், அதைச் சோதிக்கிறது என்கிறார். 'சிவில்' என்ற சொல்லை இங்கே பார்த்ததும் வெரோனாவின் தெரு நினைவுக்கு வந்தால், அந்த மாணவி இலக்கியம் படிக்கத் தொடங்கிவிட்டாள் என்று பொருள்.

வேர்கள் இயங்கும் முறை பற்றிச் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். பட்டியல்களில் 'ஸ்க்ரைப்', 'ஸ்க்ரிப்ட்' என்றும் 'மிட்', 'மிஸ்' என்றும் இரட்டை இரட்டையாக அச்சிட்டிருப்பதைப் பார்த்துப் பிள்ளைகள் சலித்துக்கொள்வார்கள். ஒன்று நிகழ்கால அடி, மற்றது இறந்தகால எச்ச அடி. நம் 'வா' என்பது வந்தான், வருவான் என்று உருமாறுவதைப் போன்றது. 'டிஸ்க்ரைப்' என்ற வினை 'டிஸ்க்ரிப்ஷன்' ஆவதும், 'பெர்மிட்' என்பது 'பெர்மிஷன்' ஆவதும் இதனால்தான். முன்னொட்டுகளோ புணர்ச்சி விதிக்குக் கட்டுப்படும். 'இன்' என்ற எதிர்மறை முன்னொட்டு 'லீகல்' முன் 'இல்' ஆகும், 'பாசிபிள்' முன் 'இம்' ஆகும், 'ரெகுலர்' முன் 'இர்' ஆகும். பல்லும் பொடியும் சேர்ந்து பற்பொடி ஆவதை அறிந்த வீட்டில் இதை விளக்குவது கடினமில்லை. எழுத்துப்பிழைகளையும் இது குறைக்கும். 'அக்காமடேட்' என்ற சொல்லில் ஏன் 'சி' இரண்டு, 'எம்' இரண்டு என்று கேட்டால், இரண்டு முன்னொட்டுகள் அடுத்தடுத்து வந்து சேர்ந்த இடங்கள் அவை என்று காட்டிவிடலாம். சொற்களை எழுத்துக்கூட்டிச் சொல்லும் ஸ்பெல்லிங் பீ போட்டிகளில் பிள்ளைகள் சொல்லின் மூலமொழி எது என்று கேட்பதும் இதற்காகத்தான். 1985ல் அமெரிக்காவின் தேசியப் போட்டியில் பாலு நடராஜன் வென்ற சொல் 'மில்யூ', அதாவது சூழல். பிரெஞ்சு வழியாக வந்த அதற்குள் நடு என்ற பொருளுடைய 'மீடியஸ்', இடம் என்ற பொருளுடைய 'லோகஸ்' என இரண்டு லத்தீன் சொற்கள் சுருங்கிக் கிடக்கின்றன.

வேர் ஏமாற்றவும் செய்யும். இதை வகுப்பில் மறைப்பது பெரிய தவறு. ஆங்கிலத்தில் ஒரே எழுத்துகளில் தொடங்கும் இரு சொற்களைப் பாருங்கள். 'பெடல்' என்பதில் உள்ளது லத்தீன் வேர், பாதம். 'பீடியாட்ரிக்ஸ்' என்பதில் உள்ளது கிரேக்க வேர், குழந்தை. 'ரெபல்' என்ற சொல்லில் இருப்பது போரைக் குறிக்கும் 'பெல்லம்'. அழகைக் குறிக்கும் 'பெல்லஸ்' வேறு. 'நைஸ்' என்ற சொல் 'அறியாதவன்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து நடந்து நடந்து இன்றைய பொருளுக்கு வந்து சேர்ந்தது. அறிஞர்களே ஏமாந்ததும் உண்டு. கடனைக் குறிக்கும் 'டெட்' என்ற சொல்லில் ஒலிக்காத 'பி' எழுத்தைப் பிற்காலத்தார் லத்தீன் மூலத்தைக் காட்டுவதற்காகச் செருகினார்கள். அது உண்மையான மூலம்தான். அதே ஆர்வத்தில் 'ஐலண்ட்' என்ற தூய பழைய ஆங்கிலச் சொல்லையும் லத்தீன் 'இன்சுலா'வின் உறவென்று கருதி ஓர் 'எஸ்' எழுத்தைச் செருகிவிட்டார்கள். அந்தப் பிழையைத்தான் இன்றும் எழுதி வருகிறோம். ஆகவே வேரைக் கொண்டு பொருளை ஊகிக்க வேண்டும், வரியைக் கொண்டு ஊகத்தைச் சோதிக்க வேண்டும் என்பதே என் வகுப்பின் ஒழுங்கு.

எஸ்.ஏ.டி. பற்றி நீங்கள் கேட்டது சரியே. 2005ல் சொல் ஒப்புமைக் கேள்விகள் நீங்கின. 2016ல் அரிய சொற்களைக் கொண்டு வாக்கியத்தை நிரப்பும் கேள்விகளும் நீங்கின. இப்போது கேட்பது ஒரு சிறு பத்திக்குள் எந்தச் சொல் சரியாகப் பொருந்தும், அல்லது ஒரு சொல் என்ன பொருளில் நிற்கிறது என்பதை. 'சிவில்' என்ற சொல்லின் இரு பொருளையும் ஒரு வரியில் பிரித்தறியக் கற்ற பிள்ளைக்கு அது பழகிய வேலை. 2010ல் வெளியாகிப் பல மாநிலங்கள் ஏற்ற பொதுப் பாடத்தரங்களும் கிரேக்க, லத்தீன் வேர்களை நான்கு முதல் எட்டாம் வகுப்பு வரைதான் பெயர் சொல்லிக் குறிக்கின்றன. ஒன்பது, பத்தில் சொற்கள் வடிவமும் பொருளும் மாறும் முறைகளுக்கு அவை நகர்ந்துவிடுகின்றன. எனவே ஒன்பதாம் வகுப்பில் வெறும் பட்டியல் மட்டும் போதாது என்று ஆசிரியரிடம் பணிவாகக் கேட்க உங்களுக்கு நியாயம் இருக்கிறது.

வீட்டில் செய்ய நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். மகளிடம் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்து, வாரத்துக்கு இருபது வேர்களையும் தேர்வுக்காகப் படித்துக்கொள்ளட்டும், ஆனால் அந்த வாரம் வகுப்பில் படித்த காட்சியில் உண்மையாகவே வந்த வேர்கள் இரண்டு மூன்றுக்கு மட்டும் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கச் சொல்லுங்கள். பக்கத்தின் மேலே வேர். அடுத்து, அது வந்த வரி, யார் யாரிடம் சொன்னது என்ற குறிப்போடு. கீழே அதன் உறவுச் சொற்கள், அவளுக்குத் தெரிந்தவை மட்டும். 'சிவிஸ்' பக்கத்தில் நீங்களும் எழுதலாம். ரேஷன் கடையை நடத்தும் 'சிவில் சப்ளைஸ்' துறையைத் தமிழில் குடிமைப்பொருள் வழங்கல் துறை என்று பெயர்த்தவர் அந்த வேரை அப்படியே பிடித்திருக்கிறார், ஐ.ஏ.எஸ். எழுதுபவர்களின் 'சிவில் சர்வீஸ்' நமக்குக் குடிமைப் பணி. அந்தப் பக்கத்தின் அடியில் நான்கைந்து வரி இடம் விட்டு வைக்கச் சொல்லுங்கள். கெட்டிஸ்பர்க் உரை வரும்போது ஒரு வரி நிரம்பும். மேல்வகுப்புகளில் 1849ல் அமெரிக்க எழுத்தாளர் தோரோ வெளியிட்ட, இன்று 'சிவில் டிஸ்ஒபீடியன்ஸ்' (சட்டமறுப்பு) என்று வழங்கும் கட்டுரையைப் பல பள்ளிகளில் படிப்பார்கள். அரசுக்கு அடங்க மறுப்பவன் எந்த வகையில் இன்னும் குடிமகன் என்ற கேள்வியை அவள் அப்போது அந்தப் பக்கத்திலேயே, ஜூலியட்டின் ஊர்க்காரர்களுக்குக் கீழே, எழுதிக்கொள்ளலாம்.